பத்து மெஷினில் தையல் யூனிட்: முதலில் சனிக்கிழமைச் சம்பளத்துக்கு வழி பாருங்கள்

திருப்பூர், அவிநாசி, பல்லடம் பக்கம் புதிதாக ஜாப் ஒர்க் யூனிட் (கம்பெனிகள் வெட்டித் தரும் துணியைக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் இடம்) போடுகிறவர்கள் பலர் கையிலிருக்கும் பணம் முழுவதையும் மெஷினில் இறக்கிவிடுகிறார்கள். பிறகு ஆர்டர் இருந்தும் யூனிட் நின்றுபோகிறது, சம்பளம் கொடுக்கப் பணம் இல்லாமல்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். டெய்லர், கைமடி (டெய்லருக்கு உதவியாள்), செக்கிங் எல்லாம் சேர்த்து 13 பேர், வாரச் சம்பளம் 60,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். தைத்து டெலிவரி கொடுக்க 2 வாரம், பில் போட்ட பின் பணம் வர 8 வாரம். இந்த 10 வாரத்துக்கு 6 லட்சம் ரூபாய் நீங்கள்தான் போட வேண்டும். வாடகை அட்வான்ஸ், கரண்ட் பில், நூல், ஊசி எல்லாம் தனி. அந்த 6 லட்சம் இல்லையென்றால் 5 மெஷினோடு தொடங்குங்கள். வட்டிக்கு வாங்கிச் சம்பளம் போட ஆரம்பித்தால் தையல் கூலியில் மிஞ்சுவது வட்டிக்கே போய்விடும்.

பழைய ஓவர்லாக் (துணி ஓரம் தைப்பது), பேட்லாக் (விளிம்பை மடித்துத் தைப்பது) மெஷின்கள் வாங்குவதில் தவறில்லை. வெள்ளை பனியன் துணி கொண்டுபோய் அரை மணி நேரமாவது தைத்துப் பாருங்கள். ஆயில் கசிந்தால் துணியில் தெரிந்துவிடும்.

அடுத்து, கம்பெனியிலிருந்து கட்டிங் பீஸ் (வெட்டிய துணி) எடுக்கும் இடம். நஷ்டம் பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது. டிசியில் (பீஸோடு வரும் டெலிவரி சலானில்) 2,000 பீஸ் என்று போட்டிருந்தால் அப்படியே கையெழுத்துப் போடாதீர்கள். கலர் வாரியாக, சைஸ் வாரியாக பண்டலைப் பிரித்து எண்ணி, குறைவதை டிசியின் இரண்டு காப்பியிலும் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். தையல் கூலி 12 ரூபாய், காணாமல்போன பீஸுக்குக் கூலியில் பிடிக்கும் டெபிட் 150 ரூபாய் என்றால், ஒரு பீஸ் குறைந்தாலே 12 பீஸ் தைத்த கூலிக்கும் மேல் போய்விடும். ஊசி ஓட்டைக்கும் இதே டெபிட்தான். மழுங்கிய ஊசி பின்னல் துணியின் இழையை அறுக்கும். தைக்கும்போது கண்ணுக்குத் தெரியாத ஓட்டை, அயன் போடும்போதோ துவைத்த பிறகோ விரியும். பால்பாயிண்ட் ஊசி மட்டும் போடுங்கள். முனை போகும்வரை காத்திருக்காமல் மாற்றிவிடுங்கள்.

உத்யம் (சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு) பதிவுக்குக் கட்டணம் கிடையாது, ஆதாரும் பான் எண்ணும் போதும். முதல் டெலிவரிக்கு முன்பே எடுத்துவிடுங்கள், ஏனென்றால் பதிவுக்கு முன் முடித்த வேலைக்குச் சட்டப் பாதுகாப்பு கிடைக்காமல் போகலாம். 2006ஆம் ஆண்டின் எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள்) சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லையென்றால் 15 நாளுக்குள் பார்ட்டி (வேலை கொடுத்த கம்பெனி) பணம் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி. கெடு தாண்டிய பாக்கியை, பணம் கொடுக்கும்வரை அவர் வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்டவும் முடியாது. அதனால் பில்லிலேயே உத்யம் எண்ணை அச்சடித்துவிடுங்கள். மார்ச் மாதம் அவருடைய ஆடிட்டரே பணத்தைக் கொடுக்கச் சொல்வார். எம்எஸ்எம்இ அமைச்சகத்தின் ஆன்லைன் தளத்தில் புகாரும் கொடுக்கலாம். ஆனால் புகார் போனபின் அந்தப் பார்ட்டியிடம் அடுத்த ஆர்டரை எதிர்பார்க்க முடியாது. பண கெடுவை ரேட் பேசும் அன்றைக்கே எழுதி வாங்குவதுதான் நல்லது.

மானியத்தை நம்பி மெஷினுக்கு முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். பிஎம்இஜிபி (பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம்) போன்ற திட்டங்களில் முதலில் மாவட்டத் தொழில் மையம், பிறகு வங்கி அனுமதி, அதன் பின்தான் மெஷின். மானியத் தொகையும் கைக்கு வராது. 3 ஆண்டு வங்கியில் டெபாசிட்டாக நிற்கும்.

மாமன் மச்சானோடு கூட்டு என்றால் யார் எவ்வளவு பணம் போடுகிறார், வேலை பார்க்கும் பங்காளிக்கு மாதச் சம்பளம் எவ்வளவு, விலகினால் மெஷின் யாருக்கு என்று பத்திரத்தில் எழுதுங்கள். எழுதினால் மட்டும் போதாது, கூட்டு நிறுவனத்தைப் பதிவும் செய்யுங்கள். 1932ஆம் ஆண்டின் கூட்டாண்மைச் சட்டம் 69ஆம் பிரிவின்படி, பதிவில்லாத நிறுவனம் பாக்கி வைத்த பார்ட்டி மேல் பணம் கேட்டு வழக்குப் போட முடியாது.