ஹடர்ஸ்ஃபீல்ட் முதல் ஸ்டேலிபிரிட்ஜ் வரை: ரயிலேறி ரியல் ஏல் பப்களுக்குப் போவது எப்படி?

இங்கிலாந்துக்குப் போகும் நம் ஆட்களில் பலர் லண்டனில் ஏதோ ஒரு பப்பில் ஒரு பைன்ட் குடித்துவிட்டு, "சில்லென்றே இல்லை, கேஸும் இல்லை" என்று கிளாஸை வைத்துவிடுகிறார்கள். எனக்கு அது வருத்தமாக இருக்கும். ரியல் ஏல் என்ற அந்தப் பாரம்பரிய பீரை அதன் ஊரில், அதைப் பார்த்துப் பார்த்து வளர்க்கிற பப்பில் குடித்துப் பார்க்க வேண்டும். முதன்முறை போகிறவர்களுக்கு நான் சொல்லும் வழி வடக்கே, யார்க்‌ஷயரிலிருந்து பென்னைன் மலையைக் கடந்து மான்செஸ்டர் பக்கம் போகும் ரயில் பாதை. ஒரு பகல் போதும்.

படி 1: என்ன குடிக்கப் போகிறோம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

ரியல் ஏல் உயிருள்ள பீர். ஆலையை விட்டுக் கிளம்பும்போதும் பீப்பாய்க்குள் ஈஸ்ட் வேலை செய்துகொண்டிருக்கும். பப்பின் நிலவறையில், 11 முதல் 13 டிகிரிக் குளிர்ச்சியில், அது இரண்டாம் முறை நொதித்து முதிர்கிறது. வெளியிலிருந்து கார்பன் டை ஆக்ஸைடு ஏற்றுவதில்லை. பாரில் இருக்கும் நீளமான கைப்பிடியை இழுத்தால் கீழேயிருந்து பீர் மேலே ஏறி வரும், அவ்வளவுதான். பெரும்பாலான பப்களில் இருக்கும் 'ஃபர்கின்' பீப்பாயில் 72 பைன்ட் பிடிக்கும். திறந்த மூன்று நாளைக்குள் அது தீர்ந்தால்தான் ருசி நிற்கும். அதனால் ஒரே ஆலையின் ஒரே பீர் இரண்டு பப்களில் இரண்டு விதமாக இருக்கும். எல்லாம் நிலவறையைப் பார்த்துக்கொள்கிறவரின் கைப்பக்குவம். இந்தப் பயணமே அதைத் தேடித்தான்.

1960களில் பெரிய ஆலைகள் வடிகட்டி, சூடாக்கி, கேஸ் ஏற்றிய பீரை எங்கும் நிரப்பியபோது இந்த முறை அழிந்துவிடும் நிலைக்கு வந்தது. 1971இல் நான்கு நண்பர்கள் தொடங்கிய 'கேம்ரா' என்ற நுகர்வோர் இயக்கம்தான் அதைக் காப்பாற்றியது. நல்ல பப்களைத் தேர்ந்தெடுத்து அவர்கள் போடும் 'குட் பீர் கைடு' ஒவ்வோர் ஆண்டும் வருகிறது. வேறு ஊர்களுக்குப் போகும்போது அதை நம்பலாம்.

படி 2: நாளையும் ரயிலையும் முடிவு செய்யுங்கள்

கார் வேண்டவே வேண்டாம். சனிக்கிழமையும் வேண்டாம். டிவியில் காட்டிய பிறகு இந்தப் பாதை பிரபலமாகி, சனிக்கிழமைகளில் கும்பல் கும்பலாக வந்து இறங்குகிறார்கள். சிறிய ஊர்களில் திங்கள், செவ்வாயில் சில பப்கள் திறப்பதில்லை. வியாழன் அல்லது வெள்ளி நண்பகல் சரியாக இருக்கும்.

வழியில் நாம் இறங்கப் போகும் சிறிய ஊர்களான ஸ்லெய்த்வெய்ட், மார்ஸ்டன் இரண்டிலும் எல்லா ரயிலும் நிற்காது. மணிக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பாதையில் சில ஆண்டுகளாக விரிவாக்க வேலை நடக்கிறது, சில நாட்களில் ரயிலுக்குப் பதில் பஸ் விடுவார்கள். முந்தின நாள் இரவே நேரம் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். முக்கியமாகக் கடைசி ரயில்.

படி 3: ஹடர்ஸ்ஃபீல்டில் தொடங்குங்கள்

நன்றாகச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள். ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததும் ஒரு நிமிடம் திரும்பிப் பாருங்கள். 1850 வாக்கில் கட்டி முடித்தது, பெரிய தூண்களோடு அரண்மனை போல நிற்கும். அதே கட்டடத்தின் ஒரு முனையில் கிங்ஸ் ஹெட், மறு முனையில் ஹெட் ஆஃப் ஸ்டீம் என்று இரண்டு பப்கள். ஒன்று போதும்.

மேஜையில் உட்கார்ந்து காத்திருந்தால் யாரும் வர மாட்டார்கள். பாருக்குப் போய் நின்று, கேட்டு, உடனே பணம் கொடுக்க வேண்டும். வரிசை கண்ணுக்குத் தெரியாது, ஆனால் உண்டு. உங்களுக்கு முன்னால் வந்தவரைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். கைப்பிடியில் மாட்டிய அட்டையில் பீரின் பெயரும் ஆல்கஹால் அளவும் இருக்கும். அட்டை திரும்பியிருந்தால் அந்த பீர் இப்போதைக்கு இல்லை. எதை எடுப்பது என்று புரியாவிட்டால் கொஞ்சம் ருசி பார்க்கக் கேளுங்கள், பெரும்பாலும் சிறு கிளாஸில் ஊற்றித் தருவார்கள். 4 சதவீதத்துக்குக் கீழே உள்ள பிட்டர் என்ற சற்றுக் கசப்பான ஏல் அல்லது வெளிர் நிற ஏலில் தொடங்குவது நல்லது. எப்போதும் ஹாஃப், அதாவது அரை பைன்ட், 284 மில்லி. முழு பைன்ட் 568 மில்லி. நாலு ஊருக்கு அது தாங்காது.

சைவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ரியல் ஏலைத் தெளிய வைக்க மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் பொருளைச் சேர்ப்பது பழைய வழக்கம், இன்றும் பல ஆலைகளில் உண்டு. "இது வீகனா?" என்று கேட்டால் பாரில் பார்த்துச் சொல்வார்கள். தெளிய வைக்காத, சற்றுக் கலங்கலான ஏல்களும் இப்போது நிறைய வருகின்றன.

பீர் வினிகர் போலப் புளித்திருந்தால் கூச்சப்படாமல் திருப்பிக் கொடுங்கள். ஒரு கிராமத்துப் பப்பில் எனக்கு அப்படி வந்தது. கிளாஸை நீட்டி "இது சரியாக இல்லையோ?" என்றேன். பாரில் இருந்தவர் தானே ஒரு வாய் ருசித்துவிட்டு, அந்தக் கைப்பிடியின் அட்டையைத் திருப்பி வைத்து, வேறு ஊற்றிக் கொடுத்தார். அந்தப் பப் மேல் எனக்கு மரியாதை கூடியது அப்போதுதான்.

படி 4: ஸ்லெய்த்வெய்டில் இறங்கி மார்ஸ்டனுக்கு நடங்கள்

எழுதுவதுதான் ஸ்லெய்த்வெய்ட், ஊர்க்காரர்கள் வாயில் அது 'ஸ்லாவிட்'. அங்கே தி கமர்ஷியல் என்ற பப்பில் ஒரு ஹாஃப். அப்புறம் கால்வாய்க் கரையைப் பிடித்து நடந்தால் சுமார் 5 கிலோமீட்டரில் மார்ஸ்டன். இந்த நடையைத் தயவுசெய்து விடாதீர்கள். மதகுக்கு மேல் மதகாகத் தண்ணீர் ஏறிக்கொண்டே போகும், பழைய கம்பளி ஆலைகள், இரண்டு பக்கமும் பசும்புல் மேடு. மழைக்கோட்டும் சேறு தாங்கும் காலணியும் வேண்டும். இருட்டிய பிறகு மட்டும் இந்தக் கரையில் நடக்காதீர்கள், அதுவும் குடித்துவிட்டு.

மார்ஸ்டனில் ஆற்றோரம் ரிவர்ஹெட் ப்ரூவரி டேப். சுற்றியுள்ள நீர்த்தேக்கங்களின் பெயரைத் தன் பீர்களுக்கு வைத்த பப் அது. நீர்த்தேக்கம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ பீரில் ஆல்கஹால் அவ்வளவு கூடுதல். ஏலின் தலையில் கெட்டியாக, பால் ஏடு போல நுரை நிற்பதைப் பாருங்கள். குழாய் முனையில் துளையிட்ட சிறு மூடி மாட்டி ஊற்றுவது வடக்கத்தி வழக்கம். தெற்கே போனால் அதே பீர் நுரை குறைந்து வரும். எனக்கு வடக்குதான் பிடிக்கும். நேரமிருந்தால் 1811இல் திறந்த ஸ்டாண்டெட்ஜ் கால்வாய்ச் சுரங்கத்தின் வாயிலையும் பார்த்துவிடுங்கள். மலைக்குள்ளே சுமார் 5 கிலோமீட்டர் போகிறது, பிரிட்டனில் அதைவிட நீளமான கால்வாய்ச் சுரங்கம் கிடையாது.

படி 5: ஸ்டேலிபிரிட்ஜில் முடியுங்கள்

மார்ஸ்டனில் ரயிலேறினால் அதே மலையைக் குடைந்து மறுபக்கம் போவீர்கள். ஸ்டேலிபிரிட்ஜ் ஸ்டேஷன் பிளாட்பாரத்திலேயே 1885ஆம் ஆண்டின் பஃபே பார் இருக்கிறது. கிடைத்தால் வினிகர் தெளித்த கறுப்புப் பட்டாணி ஒரு கிண்ணம் வாங்குங்கள், நம் சுண்டலின் தூரத்துச் சொந்தம் போல இருக்கும். போர்ட்டர், ஸ்டவுட் என்ற கறுப்பு பீர்களில் ஒன்றை எடுத்துக்கொண்டு உட்காருங்கள். கிளம்பும்போது காலி கிளாஸைப் பாரில் கொண்டுபோய் வைத்து நன்றி சொல்லுங்கள். டிப்ஸ் எதிர்பார்க்க மாட்டார்கள், இந்தப் பழக்கத்தைத்தான் கவனிப்பார்கள். மான்செஸ்டருக்கு அங்கிருந்து சுமார் கால் மணி நேரம். ரயில் வருவது உட்கார்ந்த இடத்திலேயே கேட்கும்.