யன்னலோரக் கிண்ணம் செய்த குழப்பம்

உப்புவெளிக் கடற்கரையில் அள்ளிய கடல்நீரில் ஒரு பங்கை ஒன்பது பங்கு கிணற்று நீரில் கலந்து ஒரு கிண்ணத்திலும், வெறும் கிணற்று நீரில் இன்னொரு கிண்ணத்திலும் மகள் பஞ்சில் பயறு முளைக்க வைத்தாள். மூன்றாம் நாள் பார்த்தால், வெறும் கிணற்று நீரில் வைத்த பயறுதான் மோசம்! உப்பு நல்லது என்று எழுதவே தொடங்கிவிட்டாள்.

குற்றவாளி திருகோணமலை வெயில். கிணற்று நீர்க் கிண்ணம் யன்னலோரத்தில் இருந்ததால் பஞ்சு காய்ந்துவிட்டது.

மறுமுறை இரு கிண்ணங்களும் ஒரே தட்டில், ஒரே பொதியிலிருந்து பத்துப் பத்துப் பயறு, சம அளவு பஞ்சு. நீரை மருந்துக் குப்பியின் மூடியால் அளந்தோம். உப்பு மட்டுமே வேறு. இப்போது கிணற்று நீர் வென்றது.

“அப்பா, கிணற்று நீர்க் கிண்ணம்தானே கட்டுப்பாட்டு மாறி?” என்றாள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் அது ஒப்பிடுவதற்கான கட்டுப்பாடு. மாறாமல் வைத்த வெளிச்சம், வெப்பம், நீரளவு ஆகியவையே கட்டுப்பாட்டு மாறிகள்.