செபார்டிக் ரபிகள் பகுப்பைப் பிரித்த கதை

இணையக் கலைக்களஞ்சியத்தில் 'செபார்டிக் ரபிகள்' (ஸ்பெயின், போர்ச்சுகல் வழிவந்த யூத மரபின் மதகுருக்கள்) பகுப்பு ஒரே குவியலாகக் கிடந்தது. ஸ்பெயினின் கோர்டோபாவில் பிறந்த ரபி மைமோனிடிசால் தொல்லை இல்லை. தலைவலி கொடுத்தவர் ஓவாடியா யோசேப். பிறந்தது 1920இல், ஸ்பெயினில் அல்ல, பாக்தாதில். ஆனால் 1973 முதல் 1983 வரை இஸ்ரேலின் செபார்டிக் தலைமை ரபி. நீக்கினாலும் தப்பு, அப்படியே விட்டாலும் குழப்பம்.

சரி என்று, ஊருக்கு ஒரு பகுப்பு, வழிபாட்டு மரபுக்கு ஒரு பகுப்பு எனப் பிரித்தேன். யோசேப் இரண்டிலும் இடம்பிடித்தார். அப்புறம் ஆஷெர் பென் யெஹியேல். ஜெர்மனியிலிருந்து வந்து ஸ்பெயினின் டோலிடோவில் ரபியாக இருந்து, 1327இல் அங்கேயே இறந்தவர். அவரை 'ஸ்பெயின் ரபிகள்' பகுப்பில் மட்டும் வைத்தேன். அவர் கற்றுவந்தது ஜெர்மனி யூதர்களின் அஷ்கெனாசி மரபு. யாராவது மாற்றுவார்கள் என்று தெரியும், அதனால் காரணத்தை, தொகுப்பவர்கள் விவாதிக்கும் பேச்சுப் பக்கத்தில் எழுதிவிட்டேன்.