சொல்வது ஒன்று, செய்வது ஒன்று: நண்பரிடம் எடுத்துச் சொல்லும்போது தவிர்க்க வேண்டியவை

தேயிலைத் தோட்டத்துக் கோயில் கமிட்டிக் கூட்டத்தில் "பிள்ளைகளைக் கொழும்புக் கடைகளுக்கு அனுப்பாதீங்க, படிக்க வைங்க" என்று முழங்கியவர், சாதாரண தரப் பரீட்சை முடிந்த கையோடு தன் மகனைக் கொழும்புக்கு பஸ் ஏற்றப் பார்க்கிறார். நம் நாக்கில் உடனே வருவது "படிப்பது தேவாரம், இடிப்பது சிவன் கோயில்". வேடிக்கையாகச் சொன்னாலும் குத்தும். பழமொழிக்கு யார் பதில் சொல்ல முடியும்? கோபம்தான் வரும்.

அதைவிட மோசம் ஜாடை. தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் நின்று "சில பேருக்கு ஊருக்குத்தான் உபதேசம்" என்று பொதுவாகச் சொல்லிவைப்பது. வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து வீடுகளில் ஒரு காம்பராவில் பேசியதே அடுத்த காம்பராவுக்குக் கேட்கும். இது அவர் காதுக்குப் போவதற்குள் கை கால் முளைத்துவிடும். காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கக் கூடும் பிரட்டுக்களத்திலும் வேண்டாம், வாட்ஸ்அப் குரூப்பில் வேண்டவே வேண்டாம். டவுனுக்குப் போய்த் திரும்பும் வழியில் இருவரும் தனியாக நடக்கும் நேரம் போதும்.

"நீ எப்பவுமே இப்படித்தான்" என்றால் பேச்சு மகனை விட்டுவிட்டு அவர் குணத்துக்குத் தாவிவிடும். "எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க" என்றாலோ, சொன்னது யார் என்று தேடுவதிலேயே பொழுது போய்விடும்.

சொல்லும் செயலும் முரண்படும்போது மனதில் ஓர் உறுத்தல் எழும், அதைத் தணிக்க மனிதர் நியாயம் தேடிக்கொள்வதும் உண்டு என்று 1957இல் அமெரிக்க உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கர் விளக்கினார். நாலு பேர் முன் மடக்கினால் அந்த நியாயம் இன்னும் இறுகத்தானே செய்யும்?

இப்படிக் கேட்டுப் பாருங்கள்: "மச்சான், அன்னைக்குக் கூட்டத்துல நீ பேசுனது சரின்னு பட்டுச்சு. இப்ப மகனை அனுப்பப் போறியாமே, என்ன நடந்துச்சு?" கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும், நம்மில் பலருக்கு இதுதான் கஷ்டம். வாராவாரம் கட்ட வேண்டிய லோன், சின்னப் பிள்ளைகளின் பள்ளிச் செலவு என்று ஏதாவது வெளியே வரலாம். அப்புறம் பேச வேண்டியது அடுத்த கட்டமான உயர்தரம் படிக்க எவ்வளவு செலவாகும் என்பதை. அவர் கூட்டத்தில் பேசியதை அல்ல.

ஒன்று மட்டும் விதிவிலக்கு. மரண உதவிச் சங்கக் காசு, சீட்டுக் காசு என்று பொதுப்பணத்தில் ஒருவர் சொல்வதும் செய்வதும் வேறாக இருந்தால் இவ்வளவு பூசி மெழுக வேண்டாம். கணக்குக் கொப்பியை நடுவில் வைத்து நேராகவே கேளுங்கள்.