பழைய டிசிஎஸ்ஸை மாற்றப் பணம் கேட்பது எப்படி?

சிங்கப்பூரின் ஜூரோங் தீவு ரசாயன ஆலைகளிலிருந்து ஷிப்ட் முடிந்து பேருந்தில் திரும்பும்போது இன்ஸ்ட்ருமென்ட் பிரிவுத் தம்பிகள் அடிக்கடி கேட்பது இது: "அண்ணே, சிஸ்டம் பழசாகிவிட்டதென்று மூன்று வருடமாக எழுதுகிறோம், பட்ஜெட்டில் ஏறவே மாட்டேன் என்கிறதே?" ஆலையை ஓட்டும் கணினிக் கட்டுப்பாட்டு அமைப்பான டிசிஎஸ்ஸைத்தான் சொல்கிறார்கள். ஏறாது தம்பி. நிதிப் பிரிவைப் பொறுத்தவரை, ஓடுகிற எதுவும் பழசு இல்லை. அவர்களுக்குப் புரிகிற கணக்கைப் போடுவதற்கான வழி இதோ.

படி 1: எது பழசு என்று பிரியுங்கள்

டிசிஎஸ் ஒரே பெட்டி அல்ல. வெளியிலிருந்து வரும் வயர்கள், சிக்னலை வாங்கி அனுப்பும் ஐ/ஓ கார்டுகள், கணக்கிட்டு உத்தரவு தரும் கன்ட்ரோலர்கள், ஆபரேட்டர் திரைகள் என்று பல அடுக்கு. 1975இல் ஹனிவெல்லும் யோகோகாவாவும் கொண்டுவந்த காலத்திலிருந்தே அடிப்படை இதுதான். வயர் பல பத்தாண்டு தாங்கும். திரைக்குப் பின்னால் இருக்கும் கணினிதான் முதலில் கிழமாகிறது. விண்டோஸ் எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரலிலும், விண்டோஸ் 7க்கானது 2020 ஜனவரியிலும் முடிந்துவிட்டன. ஒவ்வொரு அடுக்குக்கும் உதிரி இன்னும் கிடைக்குமா, எதுவரை கிடைக்கும் என்று தயாரிப்பாளரிடம் எழுத்தில் வாங்குங்கள்.

அப்புறம் ஸ்டோருக்குப் போய் ஸ்பேர் கார்டுகளை நீங்களே எண்ணுங்கள். நான் முன்பு இருந்த ஆலையில் பதிவேட்டின்படி மூன்று. ஒன்று பொருத்தியதும் உயிரே காட்டவில்லை. இன்னொன்று செகண்ட் ஹேண்டில் வாங்கியது. வேறு ஏதோ ஆலையின் டேக் ஸ்டிக்கர் அதில் அப்படியே ஒட்டியிருந்தது. அந்த ஸ்டிக்கரின் படத்தை அறிக்கையின் முதல் பக்கத்தில் வைத்தோம். மற்ற பத்துப் பக்கத்தை யாராவது படித்தார்களா என்பது சந்தேகம்தான்.

படி 2: ஒரு ட்ரிப்பின் விலை

ட்ரிப் என்றால் ஆலை திடீரென்று நின்றுபோவது. ஐந்து வருட ட்ரிப் பதிவை எடுத்து, டிசிஎஸ்ஸால் வந்தவற்றை மட்டும் பிரியுங்கள். அளவெடுத்து அனுப்பும் டிரான்ஸ்மிட்டரின் கோளாறையும் இதில் சேர்த்து எண்ணிக்கையைக் கூட்டினால் முதல் கேள்வியிலேயே மாட்டிக்கொள்வீர்கள்.

ஒரு கற்பனைக் கணக்கு. ஆலை நின்றால் மணிக்கு 20,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) லாபம் போகிறது. மறுபடி தரமான சரக்கு வர 18 மணி நேரம். ஒரு ட்ரிப் 360,000 வெள்ளி. இரண்டு வருடத்துக்கு ஒன்று என்றால் வருடத்துக்கு 180,000. மாற்றச் செலவு 15 லட்சம் வெள்ளி என்றால் இதை வைத்து மட்டும் முதலை எடுக்க எட்டு வருடத்துக்கு மேல் ஆகும். போதாது, இல்லையா? எண்ணை ஊதாதீர்கள்; விட்டுப்போனதைச் சேருங்கள். பழசுக்கென்று தனியாகக் கட்டும் பராமரிப்பு ஒப்பந்தம், செகண்ட் ஹேண்ட் உதிரியின் விலை, ட்ரிப் ஆகும்போது ஃபிளேர் என்ற எரிப்புக் குழாயில் எரியும் வாயு. கார்பன் வரி கட்டும் ஆலை என்றால் டன்னுக்கு 25 வெள்ளியாக இருந்தது 2026இல் 45 ஆனது. சின்னத் தொகைதான், ஆனாலும் எழுதுங்கள்.

படி 3: பணத்தில் அடங்காதது

உங்கள் ஆலை பெரும் அபாய நிலையங்களில் ஒன்றா? அப்படியானால் 2017 செப்டம்பரில் நடப்புக்கு வந்த விதிகளின்படி, அபாயங்களையும் அவற்றைத் தடுக்கும் ஏற்பாடுகளையும் விளக்கும் சேஃப்டி கேஸ் என்ற ஆவணம் இருக்கும். அதில் டிசிஎஸ் அலாரத்தைப் பாதுகாப்புத் தடுப்பாகக் காட்டியிருக்கிறார்களா பாருங்கள். காட்டியிருந்தால் பாதுகாப்புப் பிரிவு உங்கள் பக்கம். 2018ஆம் ஆண்டு இணையப் பாதுகாப்புச் சட்டத்தைச் சொல்லி மிரட்டுவதற்கு முன், அது உங்கள் சிஸ்டத்துக்குப் பொருந்துமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 4: மூன்று வழி, மூன்று விலை

ஒன்றும் செய்யாமல் விடுவது, திரைகளை மட்டும் மாற்றுவது, முழுவதும் மாற்றுவது. முதல் வழிக்கும் விலை போடுங்கள். பலர் அங்கே பூஜ்யம் எழுதிவிட்டுத் தோற்கிறார்கள். நான் பெரும்பாலும் நடு வழியைத்தான் முன்னால் வைப்பேன். அடுத்த பெரிய பராமரிப்பு ஷட்டவுன் தேதியையும் குறியுங்கள். அதைத் தவறவிட்டால் இன்னொன்றுக்குப் பல வருடம் காத்திருக்க வேண்டும்.

மேலே அனுப்புமுன் வரைவை இரவு ஷிப்ட் பேனல் ஆபரேட்டரிடம் காட்டுங்கள். எங்கள் வரைவைப் புரட்டிய அண்ணன், "ட்ரெண்ட் திறக்க அரை நிமிஷம் ஆகுதே, அதை எங்கேப்பா காணோம்?" என்றார். அளவுகள் ஏறி இறங்குவதைக் காட்டும் அந்த ட்ரெண்ட் வரைபடம் திறக்கும் நேரத்தை ஸ்டாப்வாட்ச் வைத்துப் பார்த்தோம். 43 வினாடி.