களியை விழுங்கலாம், கடலையை விழுங்கலாமா?

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து வீடுகளில், ராகிக் களியை மென்று தின்பவரைப் பார்த்த உடனே வெளியூர்க்காரர் என்று கண்டுகொள்வார்கள். உருண்டையில் கிள்ளியெடுத்ததைக் கட்டைவிரலால் குழித்து, அவரைக்கொட்டைக் குழம்பில் தோய்த்து, தொண்டைக்குள் வழுக்கவிடுவதே இங்குள்ள முறை. அப்படி விழுங்கினால் செரிக்காது என்று பயமுறுத்துவது முதல் தவறு. உமிழ்நீரிலுள்ள அமைலேஸ் என்னும் நொதி மாவுச்சத்தை வாயிலேயே உடைக்கத் தொடங்குகிறது என்றாலும், அந்த வேலையின் பெரும்பகுதியைச் சிறுகுடலில் கணைய நீர்தான் முடிக்கிறது. களியோ ஏற்கெனவே அரைபட்டு வெந்த மாவு. குழம்பு தொடாத களியை ஒரு நிமிடம் மென்று பாருங்கள். லேசாக இனிப்பு தட்டும். மாவுச்சத்து மால்டோஸ் என்னும் சர்க்கரையாக மாறுவதன் ருசி அது.

அதே பழக்கத்தை வேர்க்கடலைக்கும் கொள்ளுச் சுண்டலுக்கும் நீட்டுவதுதான் உண்மையான தவறு. அவற்றின் செல்சுவரைக் கரைக்கும் நொதி எதையும் மனித உடல் சுரப்பதில்லை என்பதால், பல்லில் அரைபடாத துண்டுக்குள் இருக்கும் எண்ணெயிலும் புரதத்திலும் ஒரு பகுதி அப்படியே வெளியேறிவிடுகிறது. மெல்லாமல் ஒவ்வொரு வாய்க்கும் ஒரு மடக்குத் தண்ணீர் விட்டுத் தள்ளுவதும் இதே வகைதான். சாப்பாட்டோடு தண்ணீர் குடிப்பதில் கெடுதல் இல்லை. ஆனால் உணவைப் பிசைந்து வழவழப்பாக்கும் உமிழ்நீரின் வேலையைத் தண்ணீர் செய்யாது.

நாளொன்றுக்கு அரை லிட்டர் முதல் 1.5 லிட்டர் வரை ஊறும் உமிழ்நீர், தூக்கத்தில் ஏறக்குறைய நின்றுவிடுகிறது. மாம்பழக் காலத்தில் இரவில் பழம் தின்றுவிட்டு வாய் கொப்பளிக்காமல் படுப்பவர்களின் பல்லில் படியும் அமிலத்தைக் கழுவ அப்போது ஆளில்லை.

காதோரம் வீங்கினால் பொன்னுக்கு வீங்கி என்று தங்கச் சங்கிலி போட்டுவிடும் வழக்கம் இன்னும் இருக்கிறது. சங்கிலியால் கெடுதல் ஏதுமில்லை. உமிழ்நீர் ஊறும் கன்னச் சுரப்பியைத் தாக்கும் அந்த வைரஸுக்கு ஆன்டிபயாடிக் கேட்டு வாங்குவதுதான் வீண். ஆனால் புளியைக் கண்டாலே தாடைக்குக் கீழே சுருக்கென்று வலித்து, சாப்பிடும்போது வீங்கி, ஓரிரு மணி நேரத்தில் வடிந்துவிடுமானால், அதைப் பல்வலி என்று மாத்திரை போட்டு அடக்கக்கூடாது. கீழ்த்தாடை உமிழ்நீர்ச் சுரப்பியின் குழாயில் கல் அடைத்திருந்தால் இப்படித்தான் இருக்கும். காது மூக்கு தொண்டை மருத்துவர் நாக்குக்கு அடியில் விரல்விட்டுத் தடவியே பல நேரங்களில் அதைக் கண்டுபிடித்துவிடுவார்.