குட்டி யானையில் ஹேண்ட் பிரேக் நிற்கவில்லையா? கேபிளைக் கடைசியில் தொடுங்கள்

ஹேண்ட் பிரேக் பிடிக்கவில்லை என்று சொன்னதும் பாதிப் பேர் செய்வது, வண்டிக்கு அடியில் படுத்து கேபிள் நட்டை நாலு சுற்று இறுக்கிவிட்டு எழுந்து வருவதுதான். கொஞ்ச நாள் பிடிக்கும், அப்புறம் பழையபடி ஆகிவிடும். சில வண்டியில் அதைவிட மோசம், பிரேக் ஷூ (சக்கரத்தோடு சுற்றும் டிரம்மை உள்ளிருந்து அழுத்திப் பிடிக்கும் வளைந்த கட்டை) எந்நேரமும் டிரம்மில் உரசிக்கொண்டே ஓடி, மைலேஜ் குறைந்து, பின்சக்கரம் கை வைக்க முடியாத சூட்டுக்குப் போய்விடும். கோளாறு பெரும்பாலும் டிரம்முக்குள்தான் இருக்கும், அதனால் அங்கே ஆரம்பியுங்கள்.

நான் சொல்வது 2005-ல் வந்த டாடா ஏஸ், அந்த 702 சிசி இரண்டு சிலிண்டர் வண்டியை மனதில் வைத்து. கேபிள் இழுத்து பின் டிரம்மில் பிடிக்கும் மற்ற பழைய சின்ன வண்டிகளுக்கும் விஷயம் ஏறக்குறைய இதேதான். ஏர் பிரேக் லாரிக்கு இது பொருந்தாது. அதில் காற்று போனால் உள்ளே இருக்கும் பெரிய ஸ்பிரிங்தான் பிரேக்கைப் பிடிக்கிறது, அந்த ஸ்பிரிங் அடைத்திருக்கும் சேம்பரைத் தெரியாமல் கழற்றினால் ஸ்பிரிங் தெறித்து ஆளே போய்விடுவார். அதை ஒர்க்‌ஷாப்பில் விட்டுவிடுங்கள்.

எதையும் கழற்றும் முன் லீவரை இழுத்துப் பாருங்கள், கையே பாதி சொல்லிவிடும். கனமே இல்லாமல் மேலே வரை வந்தால் கேபிள் அறுந்திருக்கிறது அல்லது ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி கூடிவிட்டது. கல் மாதிரி கெட்டியாக இருந்தும் வண்டி உருண்டால் கேபிள் உறைக்குள் துருப்பிடித்து இறுகியிருக்கலாம், இல்லை ஷூ மேல் ஒட்டியிருக்கும் உரசும் பட்டையான லைனிங்கில் எண்ணெய் ஏறியிருக்கலாம். இழுத்த இடத்தில் நிற்காமல் லீவரே கீழே விழுகிறதா? அப்படியானால் டிரம் பக்கம் போகவே வேண்டாம், லீவருக்கு அடியில் இருக்கும் பல் தேய்ந்திருக்கும், லீவர் செட்டை மாற்றிவிடுங்கள். பல்லுக்கு வெல்டிங் வைத்து ராவிக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள், எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

சரி, இப்போது வண்டியைத் தூக்க வேண்டும். சமதரையில் நிறுத்தி, முன்சக்கரம் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை வையுங்கள், ஏனென்றால் பிடித்து வைக்க ஹேண்ட் பிரேக் இல்லாத வண்டி இது. ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள், ஸ்டாண்ட் கட்டாயம். பின்சக்கரம் இரண்டும் தரையை விட்டு எழும்பியதும் நியூட்ரலில் போட்டு, உள்ளே ஒருவரை உட்கார வைத்து லீவரை ஒவ்வொரு பல்லாக இழுக்கச் சொல்லி, நீங்கள் சக்கரத்தைச் சுற்றிப் பாருங்கள். ஒரு பக்கம் பிடித்து மறுபக்கம் சும்மா சுற்றினால் கோளாறு எந்தப் பக்கம் என்று தெரிந்துபோகும். கேபிள் டிரம்மின் பின்தகட்டுக்குள் நுழையும் இடத்தையும் கவனியுங்கள், இழுக்கும்போது உள்கம்பி நகர வேண்டும், விட்டதும் தானே திரும்ப வேண்டும்.

டிரம்மைக் கழற்றும்போது ஹேண்ட் பிரேக் முழுக்க இறங்கியிருக்க வேண்டும். வர மறுத்தால் சுத்தியலால் சுற்றிலும் மெதுவாகத் தட்டுங்கள், அப்படியும் வராவிட்டால் உள்ளே விளிம்பு கட்டி ஷூவைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, அட்ஜஸ்டரைத் தளர்த்தினால் வந்துவிடும். உள்ளே இருக்கும் கறுப்புத் தூசியை ஏர் அடித்து ஊதாதீர்கள், வாயாலும் ஊதாதீர்கள். பழைய லைனிங்கில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கலாம், அது நுரையீரலுக்கு எமன். பிரேக் கிளீனர் அடித்து ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

இனி நிதானமாகப் பார்க்க வேண்டும். ஷூ ஈரமாக இருந்தால் அந்த ஈரம் எங்கிருந்து வருகிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள். கால் பிரேக்கை அழுத்தும்போது ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரின் ரப்பரை விலக்கினால் பிரேக் ஆயில் கசிகிறதா என்று தெரியும், கெட்டியாக, நாற்றத்தோடு இருந்தால் ஆக்சிலிலிருந்து வரும் கியர் ஆயில், அது ஆயில் சீல் வேலை. கசிவை நிறுத்தாமல் புது ஷூ போடுவது காசைக் கரைப்பது. எண்ணெய் குடித்த லைனிங்கை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் திரும்ப மாட்டினாலும் சூடானதும் மறுபடி கக்கும், இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுங்கள். ரிவெட் தலைக்கு மேல் லைனிங் 1 மில்லிமீட்டர் கூட இல்லையென்றாலும் மாற்ற வேண்டியதுதான். அப்புறம் பலரும் பார்க்காமல் விடும் இடம் ஒன்று உண்டு. கேபிள் முனை மாட்டியிருக்கும் சின்ன லீவர், ஷூவோடு சேரும் ஆணியில் துருப்பிடித்து நின்றுபோகும். பிடித்து ஆட்டினால் தாராளமாக ஆட வேண்டும். துருவை எடுத்து, அந்த ஆணியில் பொட்டு அளவு கிரீஸ் வையுங்கள், லைனிங்கில் படாமல்.

டிரம்மை மாட்டியபின் அட்ஜஸ்டரில் இருக்கும் பல் சக்கரமான ஸ்டார் வீலைத் திருப்பி சக்கரம் நிற்கும் வரை கொண்டுபோய், லேசான உரசல் சத்தத்தோடு சுற்றும் அளவுக்குப் பின்வாங்குங்கள். கால் பிரேக்கை நாலைந்து தடவை அழுத்தினால் ஷூ நடுவில் உட்காரும், பிறகு இன்னொரு தடவை சரிபாருங்கள். இந்த ஒரு வேலையிலேயே நிறைய வண்டிகளில் ஹேண்ட் பிரேக் பிடிக்க ஆரம்பித்துவிடும்.

இப்போதுதான் கேபிள். லீவரை முழுக்க இறக்கி, தொய்வு மட்டும் போகும் அளவுக்கு நட்டை இறுக்கி லாக் நட்டைப் போடுங்கள். 5, 6 பல்லில் இரண்டு சக்கரமும் ஒன்றாகப் பிடிக்க வேண்டும், இறக்கியதும் இரண்டும் தாராளமாகச் சுற்ற வேண்டும். கேபிளே துருவேறி இறுகியிருந்தால் எண்ணெய் விட்டு இழுத்து நேரத்தை வீணாக்காதீர்கள், மாற்றுங்கள். புதுசு போடும்போது பழைய கேபிள் போன வழியிலேயே, எல்லா கிளிப்பையும் மாட்டி, சைலன்சரில் உரசாமல் கொண்டுபோங்கள்.

சோதிக்கும்போது காலி வண்டியில் பார்த்துவிட்டு விடக்கூடாது. வழக்கமாக ஏற்றும் பாரத்தோடு, யாரும் இல்லாத மேட்டில், ஒரு கால் பிரேக்குக்குப் பக்கத்திலேயே இருக்க, மேல்நோக்கி ஒருமுறை, கீழ்நோக்கி ஒருமுறை நிறுத்திப் பாருங்கள். ஒரு திசையில் நின்று மறுதிசையில் உருளும் வண்டிகளும் உண்டு. மலைப்பாதையில் இதற்குப் பின்னும் கியரில் போட்டுத்தான் நிறுத்த வேண்டும், ஏற்றத்தைப் பார்த்து நின்றால் முதல் கியர், இறக்கத்தைப் பார்த்து நின்றால் ரிவர்ஸ். சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்த கல்லை அப்படியே ரோட்டில் விட்டுப் போகிறவர்களை மட்டும் மன்னிக்கவே முடியாது, இருட்டில் அதில் ஏறுவது பின்னால் வரும் பைக்காரர்தான். புது கேபிள் முதல் சில வாரத்தில் கொஞ்சம் நீளும், லீவர் ஓரிரு பல் கூடுதலாக வர ஆரம்பித்தால் அப்போது நட்டை ஒரு சுற்று இறுக்கிக்கொள்ளலாம்.